மூச்சு முதல்ல: செவாலியே ஜாக்சன் என்ற டாக்டரின் கதை

சாத்தூர் பஸ் ஸ்டாண்ட்ல காராச்சேவு பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கிறவன் அடிச்ச மொக்கை ஜோக்குக்குச் சிரிச்சுக்கிட்டே ஒரு கை அள்ளி வாயில போடுறீங்க. அவ்வளவுதான், புரை ஏறிடுச்சு. கண்ணுல தண்ணி, மூக்குல காரம், இருமல் நிக்கவே மாட்டேங்குது. பாட்டி பக்கத்துல இருந்தா உச்சந்தலையில நாலு தட்டு தட்டி, யாரோ உங்களை நினைக்கிறாங்கன்னு சொல்லியிருப்பாங்க.

உண்மையில் நடந்தது வேற. தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னாடியும் உணவுக்குழாய் பின்னாடியும் இருக்கு. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு நொடி மூடிக்கும். சிரிக்கும்போது அது திறந்திருக்கும். அந்த நேரத்துல வாயில் எது இருந்தாலும் தப்பான பாதையில் போகும். உங்களுக்கு இருபது வயசு, நெஞ்சில் பலம் இருக்கு, இருமி வெளியே தள்ளிடுவீங்க. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்த பலம் கிடையாது. கடவாய்ப் பல்லும் முழுசா முளைச்சிருக்காது. அது கையில் ஒரு முழு நிலக்கடலை கிடைச்சா?

நம்ம பக்கம் கடலைக்குப் பஞ்சமா? கரிசல் காட்டுக் கடலை, பக்கத்துல கோவில்பட்டி கடலை மிட்டாய். குழந்தைக்கு ஆளாளுக்கு ஒண்ணு ஊட்டி விடுவாங்க. அந்தக் கடலை குரல்வளையைத் தாண்டி இறங்கிட்டா பெரும்பாலும் வலது பக்க மூச்சுக் கிளையில போய் உட்காரும். இடது கிளையைவிட அது அகலம், கொஞ்சம் நேராவும் இறங்கும். உட்கார்ந்த கடலை ஈரத்தில் ஊறும், அதன் எண்ணெய் பட்டுச் சுற்றியிருக்கிற சவ்வு வீங்கும். அந்தப் பக்க நுரையீரலுக்குக் காற்று போற வழி அடைபடும். இன்னிக்கு மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினா ஒரு குழாயை உள்ளே விட்டு எடுத்துடுவாங்க. 1890ல் அப்படி ஒரு வழியே கிடையாது. நெஞ்சைக் கிழிக்கணும், இல்லைன்னா தானா வெளியே வரும்னு காத்திருக்கணும். காத்திருந்த பல குழந்தைகள் சீழ் பிடிச்சு இறந்தாங்க.

அந்தக் குழாயை ஆபத்தில்லாத கருவியா மாத்தினவர்களில் முதல் வரிசையில் நிற்கிறவர் செவாலியே ஜாக்சன். நம்ம ஊர்ல செவாலியேன்னா சிவாஜி கணேசன்தான் ஞாபகம் வருவார், அது பிரான்ஸ் கொடுத்த பட்டம். இவருக்குப் பேரே செவாலியே.

1865 நவம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். நிலக்கரி, இரும்பு, புகைன்னு இருந்த ஊர். சிவகாசிக்காரங்களுக்குக் கற்பனை பண்றது கஷ்டமில்லை. வீட்டில் பணம் தங்கவில்லை. பையன் ஒல்லி, அமைதியானவன், சண்டைக்கே போக மாட்டான். அதனாலேயே பள்ளிக்கூடத்துப் பசங்க அவனை விட்டு வைக்கவில்லை. ராகிங்னு நாம சொல்றதெல்லாம் அவர் தன்வரலாற்றில் எழுதியதைப் படிச்சா சாதாரணமாத் தெரியும். ஒரு தடவை கண்ணைக் கட்டி, கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கக் குழியில் தள்ளிட்டுப் போயிட்டாங்க. நினைவில்லாமல் கிடந்தவனை ஒரு சுரங்கத் தொழிலாளியின் நாய் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிச்சது. சாகும்வரை அவருக்கு வன்முறைன்னாலே ஆகாது, கூட்டம்னாலும் ஆகாது. பிற்காலத்தில் மூச்சு முட்டித் துடிக்கிற குழந்தைகளுக்காகவே ஒரு மனுஷன் வாழ்ந்ததுக்கும் அந்தக் குழிக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணுது. இது என் ஊகம்தான்.

சின்ன வயசிலேயே மரவேலையும் உலோக வேலையும் கைக்கு வந்துடுச்சு. படம் வரையறதும் நல்லா வரும். கண்ணாடியிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டி வித்த காசில்தான் படிச்சார். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1886ல் பட்டம். அப்புறம் லண்டன் போனார். அங்கே மோரல் மெக்கன்சி என்ற பெரிய தொண்டை டாக்டர் இருந்தார். உணவுக்குழாய்க்குள் பார்க்கறதுக்கு ஒரு கருவி செய்ய அவர் முயற்சி பண்ணிட்டிருந்தார். சரியா வரவில்லை. ஆனா அந்த ஐடியா ஜாக்சன் மண்டையில் ஒட்டிக்கிச்சு.

1887ல் பிட்ஸ்பர்க்கில் கிளினிக் போட்டார். வந்தவங்க பெரும்பாலும் ஏழைகள், ஃபீஸ் கொடுக்க முடியாதவங்க. கூட்டம் இருந்தும் கல்லாவில் காசில்லை. பெரிய மனுஷங்களைச் சந்திச்சுப் பழகி பிராக்டிஸை வளர்த்துக்கிற சாமர்த்தியமும் கிடையாது.

1890 வாக்கில் அவரே ஒரு குழாய் செஞ்சார். வாய் வழியா உணவுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற நேரான உலோகக் குழாய். அதை வச்சு ஒரு பெரியவர் விழுங்கின பல் செட்டை எடுத்தார். ஒரு குழந்தை விழுங்கின காசையும் எடுத்தார். அப்போ எக்ஸ்ரே கூட கிடையாது, அது 1895ல்தான் வருது. சக டாக்டர்களுக்கு ஒரே ஆச்சரியம். கருவியைச் செஞ்சு வாங்கி அவங்களும் இறங்கிட்டாங்க.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வச்சது. பழக்கமில்லாத கைகள் அந்தக் குழாயை இடிச்சு உள்ளே தள்ளின. உணவுக்குழாய் தாள் மாதிரி மெல்லிசு, ஓட்டை விழுந்தா அந்தக் காலத்தில் சாவுதான். நோயாளிகள் இறந்த செய்தி அவர் காதுக்கு வந்தது. இது அவங்க தப்பு, என் டிசைன் சரின்னு அவர் சொல்லியிருக்கலாம். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? அந்தக் கருவியைப் பத்திப் பேசறதையும் பரப்பறதையும் நிறுத்திட்டார். பாதுகாப்பா பயன்படுத்த ஒரு முறை வகுத்து, அதை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்னு ஆகும்வரை வெளியே விடறதில்லைன்னு முடிவு. பேர் கிடைக்கிற நேரத்தில், கையில் காசில்லாத ஒரு இளம் டாக்டர் எடுத்த முடிவு இது. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் டெமோ ஓடினா போதும்னு நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

இதற்கிடையில் 1897ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, அங்கே சிக்கியிருந்த பன்றி எலும்புத் துண்டை வெளியே எடுத்தார். ப்ராங்கோஸ்கோப்பி பிறந்தது அன்னிக்குத்தான். அந்த முதல் இடம் கில்லியனுக்கே சொந்தம். ஜாக்சனும் அதை மறைச்சதில்லை, தன் முதல் புத்தகத்தைக் கில்லியனுக்கே காணிக்கையாக்கினார். அந்தப் புத்தகம் 1907ல் வந்தது.

ஜாக்சன் சேர்த்தது என்ன? முதல்ல வெளிச்சம். நீளமான ஒல்லிக் குழாய்க்குள் வெளியிலிருந்து லைட் அடிச்சா பாதி வெளிச்சம் சுவரிலேயே போயிடும். அவர் குழாயின் அடி முனையில், நோயாளியின் உள்ளே போற பக்கத்தில், ஒரு குட்டி பல்பை வச்சார். அப்புறம் குழாயின் அடிப் பகுதியில் பக்கவாட்டில் துளைகள். மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கவனிங்க. குழாய் ஒரு நுரையீரலின் கிளைக்குள் இறங்கும்போது இன்னொரு பக்க நுரையீரலுக்குக் காற்று போகணுமே? அந்தத் துளைகள் வழியா போகும். டாக்டர் பார்க்கிற குழாயே நோயாளி மூச்சு விடுற குழாயாவும் ஆச்சு. நேரான குழாய் உள்ளே போகணும்னா வாய், தொண்டை, மூச்சுக்குழாய் மூணும் ஒரே கோட்டில் வரணும். கத்தி விழுங்குற வித்தைக்காரர் கழுத்தை எப்படி வைப்பார்னு நினைச்சுப் பாருங்க. தலையை எந்தக் கோணத்தில் பிடிக்கணும், பிடிக்கிற உதவியாளர் எங்கே உட்காரணும்கிறது வரைக்கும் அவர் படம் போட்டு விளக்கினார்.

இப்போ விஷயத்தின் கஷ்டமான இடத்துக்கு வர்றேன். ஏற்கெனவே மூச்சுத் திணறலோட இருக்கிற ஒருத்தரின் மூச்சுக்குழாய்க்குள் எப்படிக் கருவி விடுறது?

திணறுறவரை நீங்க பார்த்திருந்தா தெரியும். கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறி இறங்கும், விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழும். வழக்கமா மூச்சுக்குப் பயன்படாத கழுத்து, தோள் தசைகளையெல்லாம் வேலைக்குக் கூப்பிட்டுத்தான் அவர் உயிரோட இருக்கார். அவரை அமைதியா படுக்க வைக்கணும்னு ஈதர் கொடுத்தா என்ன ஆகும்? அந்தக் கூடுதல் தசைகள் முதல்ல ஓயும். மூச்சு நின்னுடும். பார்க்கிறவங்களுக்கு, துடிச்சுட்டிருந்தவர் அமைதியாயிட்ட மாதிரி தெரியும். அந்தக் காலத்து ஆபரேஷன் மேசைகளில் இப்படிப் போன உயிர்கள் நிறைய.

ஜாக்சன் இதில் கறாரா இருந்தார். மூச்சுத் திணறல் இருக்கிறவருக்கு முழு மயக்க மருந்து கூடவே கூடாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மருந்தே இல்லாமல், வேகமாவும் மென்மையாவும் முடிச்சுடணும். திணறல் அதிகமா இருந்தா உள்ளே இருக்கிற பொருளைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம், முதல்ல கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணணும். ட்ரக்கியாஸ்டமிக்கு வேண்டிய சாமான் கொதிக்க வச்சுத் தயாரா பக்கத்துத் தட்டில் இருக்கணும், தேவைப்படாதுன்னு தோணினாலும். மூச்சு நின்னா குழாய் வழியாவே ஆக்சிஜன் கொடுக்கணும். ஒரு தடவையில் எடுக்க முடியலையா, விட்டுட்டு வெளியே வந்துடணும், இன்னொரு நாள் பார்த்துக்கலாம். கடைசியாச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்னு நினைக்கிறேன். பொருள் கண் முன்னாடி தெரியுது, எட்டினா பிடிச்சுடலாம், அப்போ கையைப் பின்னாடி இழுக்கணும்.

ட்ரக்கியாஸ்டமியையே அவர் மாத்தி எழுதினார். அதுவரைக்கும் அது கடைசி நிமிஷ வேலை. ஆள் நீலம் பாஞ்சு போன பிறகு, குரல்வளைக்கு ஒட்டி மேலே அவசரமா ஒரு வெட்டு. பிழைச்சவங்களுக்கும் அந்த இடம் சுருங்கி, வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் குழாயோடவே இருக்க வேண்டி வரும். 1909லும் 1921லும் ஜாக்சன் எழுதிய கட்டுரைகள் வெட்டைக் கீழே இறக்கச் சொல்லின, முன்கூட்டியே நிதானமா செய்யச் சொல்லின, அப்புறம் ராப்பகலா குழாயைக் கவனிக்க ஆள் போடச் சொல்லின. நூற்றுக்கு 25 பேர் இறந்துட்டிருந்த சிகிச்சையில் அது ஒன்றிரண்டாகக் குறைந்தது என்பது மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுற கணக்கு.

நம்ம மாவட்டத்தில் இருக்கிறவங்க இதை வெறும் வரலாறா படிக்க முடியாது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெடி விபத்தில் தோல் வெந்தது கண்ணுக்குத் தெரியும். சூடான புகையை இழுத்தவரின் தொண்டை உள்ளே வெந்திருந்தா அது தெரியாது. வந்து சேரும்போது பேசிட்டிருப்பார், சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி வழியே அடைஞ்சுடும். அதனாலதான் வீங்கறதுக்கு முன்னாடியே குழாய் போட்டுடுறாங்க. முன்கூட்டியே, நிதானமாங்கிற ஜாக்சனின் பிடிவாதம் இன்னிக்கு ஒவ்வொரு தீக்காய வார்டிலும் இருக்கு.

1911ல் அவருக்கே நுரையீரலில் காசநோய் வந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலம். மாசக்கணக்கா படுக்கையில் கிடக்கணும். படுத்துக்கிட்டே அடுத்த பெரிய புத்தகத்தை எழுதினார், படங்களையும் அவரே வரைஞ்சார். நோய் போயும் திரும்பியும் வந்தது. மூச்சைப் பத்தி இவ்வளவு யோசிச்சவருக்குத் தன் மூச்சே பிரச்சனையா இருந்தது.

1916ல் பிலடெல்பியாவுக்கு மாறினார். அந்த ஊரின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் பதவி வகிச்சார், சிலதில் ஒரே சமயத்தில். வகுப்பில் இரண்டு கையிலும் கலர் சாக்பீஸ் பிடிச்சு ஒரே நேரத்தில் படம் வரைவாராம். நம்ம கல்லூரியில் பவர்பாயிண்ட்டைப் பார்த்துப் படிக்கிற வகுப்புகளை நினைச்சா பெருமூச்சுதான் வருது.

அவர் வேலையின் எஞ்சினியரிங் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு ஊக்கை எடுத்துக்குங்க, நம்ம சேஃப்டி பின். குழந்தை அதைத் திறந்த நிலையில் விழுங்கிடுச்சு, கூர் முனை மேலே பார்த்து நிக்குது. அப்படியே இழுத்தா முனை சதையில் குத்திக் கிழிக்கும். கீழே தள்ளித் திருப்பணுமா, உள்ளேயே மூடிட்டு எடுக்கணுமா, முனையைக் குழாய்க்குள் இழுத்துக்கிட்டு வரணுமா? ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபோர்செப்ஸ் வடிவமைச்சார். வீட்டிலேயே பட்டறை வச்சிருந்தார். வித்தியாசமான பொருளோட ஒரு நோயாளி வந்தா, எக்ஸ்ரேயைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு பொருள் வாங்கி வந்து, வெளியே மாதிரியில் வச்சு எடுத்து எடுத்துப் பழகின பிறகுதான் நோயாளியைத் தொடுவார். இப்போ சிமுலேஷன்னு சொல்றோமே, அதுதான். 1936ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சின்னப் பையனைக் கப்பலில் கூட்டிட்டு வந்தாங்க, நுரையீரலில் ஆணி. உலகத்துப் பத்திரிகையெல்லாம் அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தது. ஆணியை எடுக்க ஆன நேரம் சில நிமிஷங்கள்தான்.

நிலக்கடலைக்கு எதிரா அவர் ஒரு பிரச்சாரமே நடத்தினார். கடவாய்ப் பல் முளைக்காத குழந்தைக்குக் கடலை கொடுக்காதீங்கன்னு சலிக்காம எழுதினார், பேசினார். ஆணியைவிடக் கடலைக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். ஆணி அப்படியே இருக்கும், எக்ஸ்ரேயிலும் தெரியும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, பிடிச்சா நொறுங்கும், நொறுங்கின துண்டுகள் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

இன்னொரு எதிரி, லை. நாம காஸ்டிக் சோடான்னு சொல்ற அதே குடும்பம். அப்போ அமெரிக்க வீடுகளில் சோப்பு காய்ச்சவும் அடைப்பு எடுக்கவும் அடுப்படியிலேயே வச்சிருப்பாங்க. வெள்ளையா சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுடும். உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கி, கடைசியில் தண்ணி கூட இறங்காது. இளம் டாக்டரா இருந்தப்போ அப்படி ஒரு சின்னப் பெண் அவர்கிட்ட வந்தாள். பல நாளா ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார், சுருங்கின இடத்தில் ஒரு அடைப்பு. அதை எடுத்தார். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க. குழந்தை பயந்துக்கிட்டே ஒரு வாய் குடிச்சது. இறங்கிச்சு. இன்னொரு வாய். அப்புறம் டம்ளரை வச்சுட்டு அவர் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தது. வயசான பிறகு எழுதின தன்வரலாற்றிலும் இந்தக் காட்சியை அவர் மறக்கவில்லை.

ஒவ்வொரு குழந்தையா சரி பண்ணிட்டே இருந்தா முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சது. டப்பாவில் விஷம்னு எழுதணும், மாற்று என்னன்னும் எழுதணும், அதுக்குச் சட்டம் வேணும்னு வருஷக்கணக்கா அலைஞ்சார். கூச்ச சுபாவம் உள்ள மனுஷன், கூட்டம்னாலே ஓடுறவர், அரசியல்வாதிகள் கதவைத் தட்டினார். 1927 மார்ச்சில் ஜனாதிபதி கூலிட்ஜ் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நம்ம வீட்டு பாத்ரூமில் ஆசிட்டை இன்னும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் ஊத்தி வச்சிருக்கோம். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை பார்த்துடுங்க.

மனுஷனா அவர் கொஞ்சம் விசித்திரம். குடி கிடையாது, புகை கிடையாது, விருந்துக்குப் போறது கிடையாது. ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு பழைய மில்லை வாங்கி அதில் வாழ்ந்தார். எடுத்த பொருளை யாருக்கும் திருப்பித் தர மாட்டார். விழுங்கின காசைத் திருப்பிக் கேட்டு ஒருத்தர் மிரட்டியும் கொடுக்கவில்லை. அது பாடம் நடத்துறதுக்கான சாட்சின்னு அவர் வாதம். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, காசு அவங்களோடதுதானே. ஆனா அந்தப் பிடிவாதம் இல்லைன்னா இவ்வளவு பெரிய பதிவு நமக்குக் கிடைச்சிருக்காது. பெண்கள் டாக்டர் ஆகறதை அவர் வெளிப்படையா ஆதரிச்சார் என்பதையும் சொல்லணும். 1935லிருந்து 1941 வரை பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றின் தலைவரா இருந்தார்.

விழுங்கின சாமான் எடுக்கிறதோட அவர் குழாய் நிக்கவில்லை. அதே குழாய் வழியா மூச்சுக்குழாயில் வளர்ந்த கட்டியைப் பார்க்க முடிஞ்சது, ஒரு துணுக்கு கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க முடிஞ்சது. பயாப்சி. 1933ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுசா எடுத்து நோயாளியைக் காப்பாத்தினார். அது புற்றுநோய்தான்னு முன்னாடியே உறுதி பண்ணினது ப்ராங்கோஸ்கோப் வழியா எடுத்த துணுக்கு. 1965ல் மாயோ கிளினிக்கில் ஹோவர்ட் ஆண்டர்சன் இன்னும் ஒரு படி போய், நேர் குழாய் வழியாவே மூச்சுக் கிளையின் சுவரைத் தாண்டி நுரையீரல் திசுவை எடுத்துக் காட்டினார். அடுத்த சில வருஷத்தில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கெடா ஃபைபர் கொண்டு வளையிற ப்ராங்கோஸ்கோப் கொண்டு வந்தார். நேர் குழாய் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்னு பலர் நினைச்சாங்க.

போகவில்லை. காரணம் அதே பழைய பிரச்சனை, திணறுற நோயாளி. ஐசியூவில் வென்டிலேட்டரில் ஒருத்தர் இருக்கார், இரண்டு நுரையீரலும் வெள்ளையா இருக்கு, காரணம் தெரியவில்லை. சில நோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தா பிழைப்பார். சிலதுக்குக் கொடுத்தா தொற்று கூடிடும். திசு எடுத்துப் பார்த்தா தெரியலாம், ஆனா எடுக்கிறதே அவரைக் கொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்க. தொண்டையில் இருக்கிற குழாயின் உள் விட்டம் 8 மில்லிமீட்டர், அதுக்குள் 6 மில்லிமீட்டர் தடிமன் ஸ்கோப் விட்டா பரப்பில் 56 சதவீதம் அடைபட்டுடும். மீதி இடத்தில்தான் அவர் மூச்சு விடணும். கிள்ளின இடத்தில் ரத்தம் கசிஞ்சா மூச்சறைகளிலேயே தேங்கும். நுரையீரலின் வெளிச் சவ்வில் ஓட்டை விழுந்தா, வென்டிலேட்டர் அழுத்தித் தள்ளுற காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிஞ்சு நுரையீரலையே அமுக்கிடும்.

இப்போ செய்யிற முறையில் ஒண்ணு கிரையோ பயாப்சி. மெல்லிய கம்பியின் முனையில் கார்பன் டைஆக்சைடு வாயு விரிஞ்சு குளிரும். ஆமா, தெர்மோவில் நாம மனப்பாடம் பண்ணின ஜூல்-தாம்சன் விளைவேதான். சில வினாடியில் திசு உறைஞ்சு முனையில் ஒட்டிக்கும், இழுத்தா நல்ல பெரிய துணுக்கா வரும். துணுக்கு பெரிசுன்னா ரத்தமும் கூடத்தான். அதனால முன்கூட்டியே அந்தக் கிளை வாசலில் ஒரு குட்டி பலூன் நிறுத்தி வைப்பாங்க. எடுத்த நொடியில் பலூனை ஊதி அந்த வழியை அடைச்சுடுவாங்க. ரத்தம் அங்கேயே உறையும், மத்த நுரையீரல் மூச்சு விடும். இதையெல்லாம் பண்ண அகலமான, உறுதியான, காற்றும் போற வழி வேணும். பல மையங்களில் அதுக்கு நேர் குழாயைத்தான் திரும்பக் கையில் எடுத்திருக்காங்க, வடிவம் பெரும்பாலும் ஜாக்சன் காலத்ததே. மயக்க மருந்து விஷயத்தில் அவர் விதி இன்னிக்குப் பொருந்தாது. இன்னிக்கு மூச்சை மெஷின் எடுத்து நடத்தும், கூடவே அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஒரு டாக்டர் இருப்பார். மத்தபடி வரிசை அதேதான். முதல்ல மூச்சுக்கு வழி. ரத்தம் வந்தா என்ன, காற்று கசிஞ்சா என்னன்னு ரெண்டுக்கும் சாமான் தயார், விலாவுக்கு இடையில் போடுற குழாய் உட்பட. ரத்தம் உறையற தன்மை சரியா இருக்கான்னு முன்னாடியே பரிசோதனை. முடிஞ்சதும் அல்ட்ராசவுண்டிலோ எக்ஸ்ரேயிலோ காற்று கசிவு பார்க்கிறது. இதெல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி: ரிசல்ட் வந்தா சிகிச்சை மாறுமா? மாறாதுன்னா எடுக்கவே வேண்டாம்.

ஜாக்சன் 1958 ஆகஸ்ட் 16ஆம் தேதி இறந்தார், 92 வயசில். காசநோய் திரும்பத் திரும்ப வந்த உடம்பு அது.

அவர் எடுத்த பொருள்களில் 2,374 இன்னும் பிலடெல்பியாவின் மூட்டர் மியூசியத்தில் இருக்கு. 1924லேயே அங்கே கொடுத்துட்டார். வரிசை வரிசையா இழுப்பறைகள், ஒவ்வொண்ணா திறந்து பார்க்கலாம். ஊக்குகள், ஆணிகள், பட்டன்கள், காசுகள், எலும்புகள், கடலைப் பருப்புகள். ஒரு பொம்மை பைனாகுலர். ஒரு குட்டிப் பூட்டு. ஒரு நாள் கூட லீவு போடாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குக் கொடுத்த அட்டெண்டன்ஸ் பேட்ஜ் ஒண்ணு, அதையும் யாரோ முழுங்கியிருக்காங்க. அதிர்ஷ்டம் தரும்னு சட்டைப்பையில் வச்சுக்கிற வில்லை ஒண்ணும் இருக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் அது யார் உடம்பில், எந்த இடத்தில் இருந்தது, எப்படி எடுத்தாங்கங்கிற குறிப்பு எழுதி வச்சிருக்கு.